பேரெண்ணும் சிறு சோதனையும்

பெங்களூரில் 1929-ஆம் ஆண்டு பிறந்த சகுந்தலா தேவி, ஆறு வயதிலேயே மைசூர்ப் பல்கலைக்கழகத்தில் தமது மனக்கணக்குத் திறனை வெளிப்படுத்தியவர். பின்னர், 1980 ஜூன் 18 அன்று லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 7,686,369,774,870, 2,465,099,745,779 ஆகிய இரு எண்களை 28 விநாடிகளில் மனத்தால் பெருக்கி, அவர் கூறிய விடை இது:

18,947,668,177,995,426,462,773,730

இருபத்தாறு இலக்கங்கள் கொண்ட இந்த எண்ணைத் தாளும் பென்சிலும் மட்டுமே உடைய ஒருவர் சரிபார்க்க இயலுமா? முழுப் பெருக்கலையும் செய்யாமலே ஓரளவு சரிபார்க்கலாம்.

ஒன்பதின் சோதனை

10, 100, 1000 ஆகியவற்றை 9-ஆல் வகுத்தால் மீதி 1. ஆகவே, ஓர் எண்ணை 9-ஆல் வகுக்கும்போது வரும் மீதியும், அதன் இலக்கங்களின் கூட்டுத்தொகையை வகுக்கும்போது வரும் மீதியும் ஒன்றே. முதல் எண்ணின் இலக்கக் கூட்டுத்தொகை 78, மீதி 6. இரண்டாவதன் கூட்டுத்தொகை 74, மீதி 2. இவற்றின் பெருக்குத்தொகை 12. அதன் மீதி 3. விடையின் கூட்டுத்தொகை 138. அதன் மீதியும் 3. சோதனை பொருந்துகிறது.

பதினொன்றின் சோதனை

எனினும் இதில் ஒரு குறை உண்டு. விடையின் இறுதியில் 730 என்பதை 370 என்று இடம் மாற்றி எழுதினாலும் கூட்டுத்தொகை மாறாது. எழுத்தர்கள் பேரேட்டில் செய்யும் பிழைகளில் இவ்வகை மிகச் சாதாரணமானது. இதைக் கண்டுபிடிப்பது 11-இன் சோதனை. வலமிருந்து ஒன்றுவிட்டு ஒன்றாக இலக்கங்களைக் கூட்ட வேண்டும். இவ்விரு தொகைகளின் வித்தியாசம் பூஜ்யமாகவோ 11-ஆல் வகுபடுவதாகவோ இருப்பின், அந்த எண் 11-ஆல் வகுபடும்.

இரண்டாம் எண்ணில் இவ்விரு தொகைகளும் 37, 37; எனவே அது 11-ஆல் வகுபடும். ஆதலின் விடையும் வகுபட்டாக வேண்டும். விடையில் அவை 69, 69. இறுதி இலக்கங்கள் இடம் மாறியிருந்தால் 65, 73 என்றாகி, வித்தியாசம் 8 பிழையைக் காட்டிக்கொடுத்திருக்கும்.

இச்சோதனைகளில் தோற்கும் விடை நிச்சயமாகத் தவறு. தேறும் விடை சரியாகத்தான் இருக்கும் என்று சொல்வதற்கில்லை. ஆயினும் குருட்டாம்போக்கில் எழுதப்பட்ட விடை இரண்டிலும் தேறுவது 99-இல் ஒரு முறையே நேரும்.

அன்றாட வாழ்வில்

இதே கருத்தே இன்று நிர்வாகத்திலும் பயன்படுகிறது. ஆதார் எண்ணின் பன்னிரண்டாவது இலக்கம், முந்தைய பதினொன்றிலிருந்து வெர்ஹோஃப் முறைப்படி கணக்கிடப்படும் சோதனை இலக்கமாகும். ஓர் இலக்கம் தவறினாலும், அடுத்தடுத்த இரு வெவ்வேறு இலக்கங்கள் இடம் மாறினாலும் அது காட்டிவிடும். உதவித்தொகை வேறொருவர் பெயருக்குச் சென்றுவிடாமல் காக்க இத்தகைய ஏற்பாடு துணைபுரிகிறது.

சகுந்தலா தேவியின் ஆற்றல் கோடியில் ஒருவருக்கு வாய்ப்பது. அவர் விடையைச் சோதிக்கும் ஆற்றலோ ஐந்தாம் வகுப்பு மாணவருக்கும் எட்டக்கூடியது. ஊராட்சிக் கணக்கானாலும் கூட்டுறவுச் சங்கக் கணக்கானாலும், தம் முன் வைக்கப்படும் எண்ணைத் தாமே சோதித்துப் பார்க்கும் பழக்கம் மக்களிடையே பரவுதல் நன்று.