மாடி ஒழுகியது, வெண்டைச் செடி தப்பியது!
வீட்டுக்காரர் – குடித்தனக்காரர் தகராறு தீர்ந்தது

சென்னை, ஏப். 2–
திருவல்லிக்கேணியில் ஒரு மாடி வீடு. மேலே குடியிருக்கும் அம்மாள், மாசி பிறந்ததும் மொட்டை மாடியில் 12 பைகளில் வெண்டை, கத்தரி, முளைக்கீரை போட்டார். 25 நாளில் கீரை பறித்தாச்சு. வெண்டையும் மொட்டு விட்டது.

அப்போதுதான் வந்தது வினை! அவர் வீட்டு உத்தரத்தில் ஈரம் கசிந்தது.

"நாளைக்குள்ள எல்லாத்தையும் எடுத்துடணும். இல்லேன்னா வீட்டைக் காலி பண்ணிடும்மா" என்று சத்தம் போட்டார் வீட்டுக்காரர்.

"பிள்ளை மாதிரி வளர்த்தேனுங்க, ஐயா" என்று கண் கலங்கினார் அம்மாள்.

காரணம் என்ன?

கொத்தனார் வந்து பைகளைத் தூக்கிப் பார்த்தார். தரையோடு ஒட்டிக் கிடந்த பைகளுக்கு அடியில் தண்ணீர் தேங்கி, தளத்து வெடிப்பில் இறங்கியிருந்தது.

வெடிப்பைப் பூசினார்கள். பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்தார்கள். குடம் குடமாக ஊற்றுவது நின்றது. இப்போது காலையும் மாலையும் பூவாளியில் அளவாகத்தான். புதுப் பைகளில் மண்ணைக் குறைத்து, கனமில்லாத தென்னை நார்க்கழிவு போட்டிருக்கிறார்கள்.

பங்குனி வெயிலுக்குப் பழைய வேட்டியில் பந்தல். வேட்டி கொடுத்தது யார்? வீட்டுக்காரரேதான்!

நேற்று முதல் பறிப்பு. கால் கிலோ வெண்டைக்காய். அது நேராகப் போனது வீட்டுக்காரர் சமையல்கட்டுக்கு!