முதல் பத்துக் கிலோமீட்டர்

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை மீஞ்சூர் நானூறடி ரோட்டோரம் டீக்கடையில் நின்றால், வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே அதன் சத்தம் காதில் விழும். வண்டலூரில் தொடங்கி 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவரும் இந்த வெளிவட்டச் சாலை எங்கள் ஊரில் வந்து முடிகிறது. ஆறு வழி, நேரான தார். சென்னை இளைஞர்கள் புது வண்டி வாங்கினால் ‘என்ன போகுதுன்னு பாக்க’ இங்கேதான் வருகிறார்கள். அப்படி வந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அவர்கள் விழுந்த இடங்களை எங்கள் ஊர்க்காரர்கள் இன்றும் கை நீட்டிக் காட்டுவார்கள்.

போன மாதம் என் அக்கா மகன் டி.வி.எஸ். அப்பாச்சி ஆர்.ஆர். 310 வாங்கி வந்தான். ஓசூரில் தயாராகி 2017 டிசம்பரில் சந்தைக்கு வந்த வண்டி இது. அவனுடையது பழைய மாடல், இரண்டாம் கை. சாவியை என்னிடம் நீட்டினான். மீஞ்சூருக்கும் எண்ணூருக்கும் இடையே 17 வருடமாக ஸ்ப்ளெண்டர் ஓட்டுகிறவன் நான். வண்டி ஓட்டத் தெரியும் என்ற நினைப்பில்தான் கையை நீட்டினேன். அவன் சாவியை உடனே விடவில்லை.

“மாமா, சக்தி கம்மியான ரெயின் மோடுலதான் போட்டிருக்கேன். மாத்தாதீங்க. பத்து கிலோமீட்டர் சர்வீஸ் ரோட்டுல ஓட்டிட்டு வாங்க. அப்புறம் பெரிய ரோட்டுக்குப் போலாம்.”

“ஏண்டா, எனக்கே சொல்லித் தர்றியா?”

“வண்டி உங்களுக்குப் புதுசு மாமா. அதான்.”

வயதில் சின்னவன் சொன்ன அந்தக் கடைசி வார்த்தையைத்தான் இந்தக் கட்டுரையில் விரித்து எழுதுகிறேன்.

ஸ்ப்ளெண்டரின் எடை சுமார் 112 கிலோ, சக்தி 8 குதிரை. ஒரு குதிரைக்கு 14 கிலோ சுமை. அக்கா மகனின் வண்டி 174 கிலோ, 34 குதிரை. ஒரு குதிரைக்கு ஐந்து கிலோதான். ஆக்சிலேட்டரைக் கால் அங்குலம் திருப்பினால் ஸ்ப்ளெண்டர் கிளம்பலாமா என்று யோசிக்கும். இது கிளம்பிப் போய்விடும். உட்காரும் விதமும் வேறு. ஹேண்டில்பார் கீழே இருப்பதால் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. குழியில் சக்கரம் ஏறி இறங்கும்போது கை தானாக ஆக்சிலேட்டரை முறுக்கிவிடுகிறது. முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, கையைத் தளர்த்தி வைத்துக்கொள்ள வேண்டும் என்பது இரண்டு கிலோமீட்டர் போன பிறகுதான் எனக்குப் பிடிபட்டது.

தப்பு நடந்தது கியரில். ஸ்ப்ளெண்டரில் ஒவ்வொரு கியருக்கும் முன்பக்கம் மிதிக்க வேண்டும். இந்த வண்டியில் முதல் கியர் மட்டும் கீழே, மற்ற ஐந்தும் மேலே. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் ஏறினேன். ஆனால் காலுக்கு அது தெரியவில்லை. இரண்டாவது கியரில் நாற்பதில் போய்க்கொண்டிருந்தபோது, மூன்றாவதுக்கு மாற்றுவதாக நினைத்து மிதித்தேன். வண்டி முதல் கியரில் விழுந்தது. எஞ்சின் அலற, உடம்பு டேங்கின் மேல் சரிந்தது. பின்னால் வந்த ட்ரெய்லரின் ஹாரன் முதுகில் அறைந்தது. இந்த வண்டியில் ஸ்லிப்பர் கிளட்ச் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. வேகத்தில் கியர் சட்டென இறங்கினாலும் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது வழுக்கிக்கொடுக்கும். அது இல்லாத வண்டியாக இருந்தால் நான் ரோட்டில் கிடந்திருப்பேன்.

வடசென்னைக்கு இந்தக் கால் குழப்பம் புதிதல்ல. திருவொற்றியூரில் தயாரான பழைய என்ஃபீல்டு புல்லட்டில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். புல்லட்காரர் வேறு வண்டியில் ஏறினால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதிப்பார். மற்றவர் புல்லட்டில் ஏறினால் கியர் என்று நினைத்துப் பிரேக்கை மிதிப்பார். அதனாலேயே எங்கள் அப்பா காலத்து மெக்கானிக்குகள் யாருடைய வண்டியை எடுத்தாலும், முதலில் நிறுத்தி வைத்தபடியே நாலு தடவை கியர் போட்டுப் பார்ப்பார்களாம். நான் செய்யாமல் விட்டது அதைத்தான்.

பிரேக்கும் தனிப் பாடம். என் வண்டியின் டிரம் பிரேக்கை நாலு விரலும் சேர்த்துப் பிடித்தால்தான் நிற்கும். இதன் முன்சக்கரத்தில் 300 மில்லிமீட்டர் டிஸ்க், ஏ.பி.எஸ். உண்டு. இரண்டு விரல் போதும், அதுவும் படிப்படியாக அழுத்த வேண்டும். வளைவில் வேறொன்று கற்றேன். வேகத்தில் இடப்பக்கம் திரும்ப, இடது கைப்பிடியை முன்னால் லேசாகத் தள்ள வேண்டும். வண்டி இடப்பக்கம் சாய்ந்து தானாகத் திரும்புகிறது. ஸ்ப்ளெண்டரிலும் இதைத்தான் அறியாமல் செய்துவந்திருக்கிறோம். கனமான வண்டி அதை அறிந்து செய்யச் சொல்கிறது. கண் எங்கே போகிறதோ அங்கேதான் வண்டியும் போகும். ஓரத்தில் நிற்கும் லாரியைப் பயந்து பார்த்தால் லாரியை நோக்கியே போவோம்.

எங்கள் சாலையில் அப்படிப் பார்க்க நிறையவே இருக்கின்றன. காட்டுப்பள்ளி, காமராஜர் துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் ட்ரெய்லர்கள் இரவெல்லாம் ஓரங்கட்டி நிற்கும், பலவற்றில் பின்விளக்கு எரியாது. அனல் மின்நிலையச் சாம்பலும் லாரியிலிருந்து சிந்திய மணலும் தார்மேல் மெல்லிய படலமாகக் கிடக்கும். நேராகப் போகும்போது அது தெரியாது. சாயும்போது டயரின் பிடி நழுவும். நடுவில் மாடு வேறு.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறது. 40 அடி கன்டெய்னரின் நீளம் 12 மீட்டர் சொச்சம். மாட்டைக் கண்டு, பிரேக்கைப் பிடிக்க வேண்டும் என்று மூளை சொல்லி, விரல் அசைவதற்குள் இரண்டு கன்டெய்னர் நீளம் கடந்துபோயிருக்கும். பிரேக் வேலை செய்யத் தொடங்குவதே அதற்குப் பிறகு. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். மத்திய அரசின் 2018 அறிவிப்பு நான்கு வழியும் அதற்கு மேலும் உள்ள சாலையில் இருசக்கர வாகனத்துக்கு 80 கிலோமீட்டர் என்று எல்லை வைத்தது. அக்கா மகன் போட்டுக்கொடுத்த ரெயின் மோடில் இந்த வண்டி 34 குதிரையிலிருந்து 26-க்கும் கீழே இறங்கிவிடும், உச்ச வேகமும் 160-லிருந்து 125 ஆகிவிடும். அதுவே எல்லைக்கு மேல்தான். ஆனாலும் முதல் நாள் ஓட்டுகிறவனுக்கு அந்த எட்டுக் குதிரை குறைவது பெரிய பாதுகாப்பு.

இளைஞர்களின் ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். பத்தாவது கிலோமீட்டரில் கால் பழகி, கை தளர்ந்து, எஞ்சின் ஒரே சுருதியில் பாடியபோது எனக்கும் நெஞ்சு நிறைந்தது. அந்த மகிழ்ச்சிக்கு இந்தப் பக்கத்தில் ஒரு காலத்தில் இடமே இருந்தது. மீஞ்சூருக்கு மேற்கே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில், மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல பத்தாண்டுகள் பந்தயம் நடத்தியது. அப்பா சைக்கிளில் போய்ப் பார்த்ததைச் சொல்லிக்கொண்டே இருப்பார். 1983-ல் எஸ்கார்ட்ஸ் கொண்டுவந்த ராஜ்தூத் 350 அவர் வாயில் அடிக்கடி வரும். குறைந்த சுற்றில் சாதுவாக இருந்து, ஒரு கட்டத்துக்கு மேல் திடீரென்று சீறுகிற டூ ஸ்ட்ரோக் வண்டி அது. எதிரே லாரி வராத ஓடுதளத்தில் அதைப் பழகியவர்கள் பாக்கியசாலிகள். 1990-ல் கிளப்புக்கு இருங்காட்டுக்கோட்டையில் 3.7 கிலோமீட்டர் நீளத்தில் சொந்தப் பந்தயத் தளம் வந்தது. நாட்டுக்கு நல்லது நடந்தது. சோழவரம் அடங்கிப்போனது.

இருங்காட்டுக்கோட்டைத் தளத்திலும் 2023 ஆகஸ்டில், தேசிய சாம்பியன்ஷிப் பந்தயத்தில் 13 வயதுப் பெங்களூருச் சிறுவன் ஒருவன் விழுந்து இறந்தான். பயிற்சி பெற்ற பிள்ளை. கவச உடை, ஆம்புலன்ஸ் எல்லாம் இருந்த இடம். நானூறடி ரோட்டில் ஞாயிறு காலை வருகிறவனுக்கு இதில் எதுவும் கிடையாது.

அவனிடம் இருப்பது ஓட்டுநர் உரிமம் ஒன்றுதான். அந்த உரிமம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டம் 10-வது பிரிவில் ‘கியர் உள்ள மோட்டார் சைக்கிள்’ என்று ஒரே வகை. மைதானத்தில் 100 சி.சி. வண்டியில் எட்டுப் போட்டுக் காட்டிய 18 வயதுப் பையன் மறுநாளே 1,340 சி.சி. ஹயபுசாவில் ஏறலாம், சட்டம் தடுக்காது. சிங்கப்பூரில் இருக்கும் நம் உறவுக்காரர்களைக் கேட்டுப் பாருங்கள். அங்கே முதல் உரிமம் 200 சி.சி. வரைதான். ஒரு வருடம் கழித்து மறுபடி தேர்வில் ஓட்டிக் காட்டினால் 400 வரை. இன்னொரு வருடம், இன்னொரு தேர்வு, அதன் பிறகே அதற்கு மேல். ஐரோப்பாவிலும் இதே போலப் படிப்படியான உரிமம்தான். நம் சட்டத்துக்கும் இந்த எண்ணம் அந்நியமில்லை. 16 வயதுக்காரர் 50 சி.சி. வரை மட்டுமே ஓட்டலாம் என்று 4-வது பிரிவு சொல்கிறதே! 18 வயதோடு அந்தப் படிக்கட்டு ஏன் முடிந்துபோக வேண்டும்?

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். இவர்களில் எத்தனை பேர் அன்றுதான் அந்த வண்டியில் முதல்முறை ஏறினார்கள் என்று யாரும் கணக்கெடுப்பதில்லை. விபத்து நடந்தால் போலீஸ் எழுதும் அறிக்கையில் அந்த ஒரு கேள்வியையும் சேர்க்க வேண்டும்.

மத்திய போக்குவரத்து அமைச்சகத்துக்கு என் வேண்டுகோள் இதுதான்: 10-வது பிரிவின் அந்த ஒரு வகையை எஞ்சின் அளவுப்படி மூன்றாகப் பிரியுங்கள். தமிழக அரசுக்கு: துறைமுகங்களும் தொழிற்சாலைகளும் நிறைந்த வடக்குப் பக்கத்தில், லாரி வராத ஒரு பயிற்சித் தளம் ஏற்படுத்திக் கொடுங்கள். அது வரும்வரை, உங்கள் வண்டியைத் தம்பியோ நண்பனோ ஓட்டிப் பார்க்கக் கேட்டால் சாவியை உடனே விட்டுவிடாதீர்கள். ஹெல்மெட்டை மாட்டிவிட்டு, வண்டியை நிறுத்தி வைத்தபடியே நாலு தடவை கியர் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ரெயின் மோடு இருந்தால் அதில் வைத்துக் கொடுங்கள். சர்வீஸ் ரோட்டில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.