தேர்தலும் ஊரும் – ஒன்பது மாவட்டங்களுக்குத் தனி நாள்காட்டி

ஊருக்கு ஊர் தேர்தல் சட்டம் மாறலாமா என்ற கேள்வியில் நிற்கிறோம். அமெரிக்க மாநிலங்கள் போட்ட பூட்டைப் போன வாரம் பார்த்தாயிற்று. இண்டியானாவின் 1851 அரசமைப்பு, தேர்தல் நடத்துவது பற்றி ஓர் ஊருக்கென்று தனிச் சட்டம் செய்யக் கூடாது என்று சட்டமன்றத்தைத் தடுத்தது. நம் அரசமைப்பில் அப்படி ஒரு வரி கிடையாது. 14-ஆம் பிரிவைக் காட்டி, பிரித்து நடத்த நியாயமான அடிப்படை உண்டா என்று கேட்கலாம், அவ்வளவுதான். அந்தக் கேள்வி போதாது என்பது என் வாதம். சாட்சி, தென்காசி.

2016 அக்டோபரில் தமிழகத்தின் உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. அதற்குள் சென்னை உயர் நீதிமன்றம் தேர்தல் அறிவிப்பை ரத்து செய்துவிட்டதால் நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போயிற்று. 2019 நவம்பர் 22-ல் தென்காசி தனி மாவட்டமானது. இரண்டே வாரத்தில், டிசம்பர் 6 அன்று, உச்ச நீதிமன்றம் தென்காசி, நெல்லை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களை விலக்கிவிட்டு மற்ற இடங்களில் ஊரகத் தேர்தலை நடத்தச் சொன்னது. ஒன்பதுக்கும் வார்டு மறுவரையறைக்கு நான்கு மாதக் கெடு. வாக்குப்பதிவு நடந்ததோ 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்! ஓர் ஊராட்சிக்கு அரசமைப்பு தரும் அதிகபட்ச ஆயுள் ஐந்தாண்டு. அப்படி ஒரு முழு ஆயுள், வாக்கு வாங்கி வந்த ஒரு தலைவர்கூட இல்லாமல் தென்காசிக் கிராமங்களில் கழிந்திருக்கிறது. பக்கத்துக் குற்றாலம் பேரூராட்சி. அங்கே 2022 பிப்ரவரி 19 வரை காத்திருந்தார்கள். ஆனால் நகர்ப்புறத் தாமதம் மாநிலம் முழுவதற்கும் ஒன்றுதான். எல்லோருக்கும் சமமாக மறுத்தால் பாகுபாடு எங்கே? 14-ஆம் பிரிவு அங்கே வாய் திறக்காது. இரண்டு இடத்திலும் மக்களின் பக்கம் நின்ற ஒரே விதி, பதவிக்காலம் முடியும் முன்பே அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்ற கெடுவிதி. 2006-ல் கிஷன் சிங் தோமர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அழுத்திச் சொன்னதும் அதையேதான்.

மாவட்டம் பிரிந்தால் வார்டுகளை மறுபடி வரையாமல் எப்படித் தேர்தல் நடத்துவது என்று கேட்பார்கள். மாவட்ட ஊராட்சிக்கு அந்தக் கேள்வி சரி. கிராம ஊராட்சித் தலைவரை ஊர் முழுக்க வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறது; ஆட்சியர் அலுவலகம் நெல்லையிலிருந்து தென்காசிக்கு வந்ததற்காக அந்த ஊர் ஏன் காத்திருக்க வேண்டும்? நடுவில் கொரோனா வந்தது உண்மை. ஆனால் 2021 ஏப்ரலில் இதே வாக்காளர்கள் சட்டமன்றத்துக்கு வாக்களித்தார்களே.

இந்த வட்டாரத்துக்கு இரட்டை நாள்காட்டி புதிதல்ல. 1956 வரை செங்கோட்டை திருவிதாங்கூர்–கொச்சியில் இருந்தது. 1952-ல் இரு பக்கமும் தேர்தல். 1954-ல் அந்த மாநிலத்துக்கு மறுபடி சட்டமன்றத் தேர்தல் வர, செங்கோட்டை வாக்களித்தது, சென்னை மாநிலத்துத் தென்காசி வேடிக்கை பார்த்தது. அது வேறு மாநிலம், வேறு சட்டமன்றம், கேட்பதற்கில்லை. இப்போதோ ஒரே மாநிலம், ஒரே ஊராட்சிச் சட்டம். மற்ற மாவட்டங்களின் ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்து அங்கே மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள்; தென்காசியின் காலக்கணக்கு 2026 அக்டோபர் வரை.

தேர்தல் விவகாரத்தில் நீதிமன்றம் எந்தக் கட்டத்தில் தலையிடலாம் என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். தென்காசி இடத்தைப் பிடித்துக்கொண்டது. அது அடுத்த வாரம்.