நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை: தெம்பு திரும்பும் காலம்

கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் காலையில் குமட்டல், தாளிக்கும் வாசம் பட்டாலே ஓங்கரிப்பு, பகலிலும் கண்ணைச் சுழற்றும் அசதி என்று வாடியிருந்த பெண்கள், நான்காம் மாதம் பிறந்ததும் மெல்லத் தெளிவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். பசி எடுக்கிறது. உறக்கம் சீராகிறது. தள்ளிப் போட்ட வீட்டு வேலைகளெல்லாம் நினைவுக்கு வருகின்றன. எங்கள் மலையூர்களில் இத்தெளிவு பெரும்பாலும் காப்பித் தோட்ட வேலைக்குத் திரும்புவதில் போய் முடிகிறது.

இத்தெம்புக்கு உடலில் காரணம் உண்டு. மசக்கையோடு பெரிதும் தொடர்புடைய எச்.சி.ஜி. என்னும் சுரப்பு ஒன்பது, பத்தாம் வாரங்களில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் இறங்குகிறது. கருவைக் காக்கும் சுரப்புகளைத் தானே தரும் அளவுக்கு நஞ்சுக்கொடியும் அதற்குள் வளர்ந்துவிடுகிறது. உடல் புதிய நிலைக்குப் பழகிக்கொள்கிறது. எனவே தெம்பு உண்மையானது. மகிழ்ச்சியோடு ஏற்கத் தக்கது. ஆயினும் உள்ளே எல்லாம் நலமே என்பதற்கு அது சான்றாகாது. அதேபோல, ஐந்தாம் மாதத்திலும் தெம்பு திரும்பாத பெண்ணை, "பிள்ளைத்தாய்ச்சி என்றால் அப்படித்தான்" என்று வீட்டார் விட்டுவிடுவதும் தவறு. இம்மாதங்களில் நீங்காத களைப்புக்குப் பெரும்பாலும் ஒரு பெயர் உண்டு: இரத்தசோகை.

அது ஏன் இக்காலத்தில் தலைகாட்டுகிறது என்பதைச் சற்று விளக்க வேண்டும். கருவுற்ற பெண்ணின் உடலில் குருதியின் நீர்ப்பகுதி நூற்றுக்கு நாற்பது, ஐம்பது பங்கு வரை பெருகுகிறது. சிவப்பணுக்களோ அவ்வளவு விரைவாகப் பெருகுவதில்லை. குழம்பில் தண்ணீர் கூடினால் சாரம் நீர்ப்பதுபோல, ஹீமோகுளோபின் அளவு சற்று இறங்கும், அது இயற்கை. ஆனால் முன்பே இரும்புச்சத்துக் குறைவாக இருந்த பெண்ணுக்கு இந்த இறக்கம் இயற்கையின் எல்லையைத் தாண்டிவிடுகிறது. ஒரு பேறுகாலம் முழுமைக்கும் ஏறத்தாழ 1,000 மில்லிகிராம் இரும்பு தேவைப்படுகிறது. அதில் பெரும்பகுதி பிற்பாதியில்தான் தேவை. கர்ப்பிணிக்கு 11 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை என்பது நம் நாட்டு அரசு நெறிமுறை.

இங்கே மலைவாசிகளுக்கென ஒரு செய்தி உண்டு. சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஏற்காடோ ஏறத்தாழ 1,500 மீட்டர். இவ்வுயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் உயிர்வளி, கடற்கரையில் கிடைப்பதைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. இதனால் தாய்க்கோ சேய்க்கோ தீங்கில்லை. தலைமுறை தலைமுறையாக மக்கள் வாழும் உயரம்தான் இது. ஆனால் அக்குறைவை ஈடுசெய்ய, மேலே வாழ்வோரின் குருதியில் ஹீமோகுளோபின் இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். ஆகவே உலகச் சுகாதார நிறுவனம் இரத்தசோகையைக் கணக்கிடும்போது வாழும் இடத்தின் உயரத்தையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ வாழும் பெண்ணுக்கு 11 என்று வரும் அளவு, சேலத்துப் பெண்ணுக்கு 11 என்று வருவதற்குச் சமமாகாது. "எல்லையில்தானே இருக்கிறது" என்று அமைதி கொள்ளாமல் மருத்துவரிடம் கேளுங்கள்.

நான்காம் மாதம் முதல் நாள்தோறும் ஓர் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரை, குறைந்தது 180 நாள்களுக்கு. இதுவே அரசு தரும் அளவு. சத்து மாத்திரை சாப்பிட்டால் குழந்தை கறுத்துவிடும் என்று மூத்தோர் சிலர் இன்றும் அஞ்சுகின்றனர். கறுப்பது மலம் மட்டுமே. உடலில் சேராத இரும்பு வெளியேறுவதால் அவ்வாறு ஆகிறது. காப்பி விளையும் ஊரில் காப்பியைக் குறை சொல்ல எங்களுக்கும் மனமில்லை. என்றாலும் காப்பியும் தேநீரும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுப்பவை. மாத்திரைக்கு முன்னும் பின்னும் குறைந்தது ஒரு மணி நேரம் அவற்றைத் தவிர்த்து, நாளொன்றுக்குச் சிறு தம்ளரில் இரண்டு முறைக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையையும் இரும்பு மாத்திரையையும் ஒரே வேளையில் விழுங்க வேண்டாம். மாறாக ஆரஞ்சு, கொய்யா, நெல்லி ஆகியவை இரும்பு சேர்வதற்குத் துணை செய்யும். பருவத்தில் அவை நம் மலையிலேயே கிடைக்கின்றன. கேழ்வரகும் கீரையும் நல்லுணவு. இரண்டு உயிருக்கு இரண்டு பங்கு சோறு என்பது தேவையில்லை. இக்காலத்தில் கூடுதலாக வேண்டியது நாளொன்றுக்கு 350 கலோரி அளவே.

உடலில் தோன்றும் பிற மாற்றங்களில் பலவும் அஞ்சத் தக்கவை அல்ல. இருபதாம் வாரத்தில் கருப்பையின் மேல்விளிம்பு தொப்புளைத் தொடும். அதைத் தாங்கும் நார்கள் இழுபடுவதால், சட்டென்று எழும்போதோ இருமும்போதோ அடிவயிற்றின் ஒரு பக்கம் சுருக்கென்று வலிக்கலாம். தொப்புளுக்குக் கீழே கருங்கோடு, கன்னத்தில் திட்டு, ஈறில் கசிவு, நெஞ்செரிச்சல், இரவில் கெண்டைக்கால் பிடிப்பு ஆகியவையும் வரும். கோட்டைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்வோர் இன்னும் உள்ளனர், அதற்கு ஆதாரமில்லை. ஸ்கேனில் கேட்பதும் சொல்வதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

பிள்ளையின் அசைவை முதற்பேற்றில் 18 முதல் 20 வாரங்களுக்குள்ளும், அடுத்த பேறுகளில் இன்னும் சற்று முன்னரும் உணரலாம். மீன்குஞ்சு புரள்வதுபோல என்று பலரும் கூறுவர். வயிற்றில் வாயு என்று எண்ணி முதலில் தவறவிடுவோரும் உண்டு.

மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குவது பற்றி மலைப் பெண்கள் அடிக்கடி கேட்கின்றனர். புரொஜெஸ்டிரோன் சுரப்பு மூச்சை ஆழமாக்குவதால் இவ்வுணர்வு பலருக்கும் உண்டு. நின்று ஓய்ந்தால் தணியும். உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறினால், படபடப்பு ஓயாவிட்டால், நாக்கும் இமையின் உட்புறமும் வெளுத்திருந்தால் உடனே காட்ட வேண்டும். இம்மாதங்களில் இரத்த அழுத்தம் இயல்பாகச் சற்று இறங்குவதால், படுக்கையிலிருந்து விருட்டென்று எழுந்தால் தலை சுற்றும். பக்கவாட்டில் திரும்பி, உட்கார்ந்து, பின் எழுக.

வேலை செய்யலாமா? செய்யலாம். நடப்பதும் இலகுவான வேலையும் நல்லவையே. ஆனால் காப்பிப் பழம் பறிக்கும் நவம்பர் முதல் ஜனவரி வரையிலான பருவம், வடகிழக்குப் பருவமழையின் ஈரமும் பனிமூட்டமும் சேரும் காலம். வயிறு முன்தள்ளுவதால் உடலின் சமநிலை மாறுகிறது. மூட்டு நார்களும் தளர்கின்றன. சரிவில் முன்பு சறுக்காத கால் இப்போது சறுக்கும். மூட்டை தூக்குவதும், மரத்தில் சாய்த்த ஏணியில் ஏறுவதும், பூச்சிமருந்து தெளிக்கும் இடத்தில் நிற்பதும் கட்டாயம் கூடாது. இவற்றை மறுக்கும் பொறுப்பைப் பெண்ணின் தலையில் மட்டும் சுமத்தாமல், கணவரும் மாமியாரும் முன்வந்து மேஸ்திரியிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.

தெம்புள்ள இம்மாதங்களே சோதனைகளுக்கும் உரியவை. குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைக் காணும் ஸ்கேனை 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுப்பது நல்லது. 24 முதல் 28 வாரங்களுக்குள் சர்க்கரைச் சோதனை. முதல் வருகையிலேயே ஒருமுறை செய்து அப்போது சரியாக இருந்திருந்தாலும் மீண்டும் வேண்டும். கர்ப்பகாலச் சர்க்கரை பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. துடிப்பாக நடமாடும் பெண்ணுக்கும் இருக்கும். சென்னை மருத்துவர் வி. சேஷய்யா அவர்களும் அவர்தம் குழுவினரும் வலியுறுத்திய எளிய முறையில், 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒருமுறை இரத்தம் எடுத்தால் போதும். 140 அல்லது அதற்கு மேல் வந்தால் சிகிச்சை தேவை. வெறும் வயிற்றோடு வர வேண்டியதில்லை என்பது, விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வருவோருக்குப் பேருதவி.

ஸ்கேனுக்காகச் சேலம் இறங்குவோர், இருபது கொண்டை ஊசி வளைவுகளை மனத்தில் கொண்டு, வயிறு நிரம்ப உண்ணாமலும் பட்டினியாகவும் இல்லாமல் இரண்டு இட்லி அளவில் உண்டு கிளம்பலாம். பேருந்தில் முன்பக்க இருக்கை நலம். காரில் செல்வோர் இருக்கைப் பட்டையை வயிற்றின் மேல் அல்லாமல் அதன் கீழே, தொடையை ஒட்டி அணிய வேண்டும்.

உதிரப்போக்கு, நீர் கசிதல், காய்ச்சல், விட்டு விட்டு இறுகும் வயிற்றுவலி, தீராத தலைவலி, கண் மங்கல், முகமும் கையும் திடீரென வீங்குதல், உணரத் தொடங்கிய அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108ஐ அழையுங்கள். மலைப்பாதையில் வண்டி வந்து சேரவும் இறங்கவும் நேரமாகும். மூட்டம் சூழ்ந்த இரவில் இன்னும் கூடும். கொதிப்பு 140/90ஐத் தொட்டிருந்தால், வேறு துன்பம் இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரைக் காண வேண்டும்.

ஏழாம் மாதத்தில் வளைகாப்பு முடித்துத் தாய்வீடு செல்லும் பெண்கள் பலர். புறப்படும்போது தாய் சேய் நல அட்டை, பிக்மி எண், ஸ்கேன் படங்கள், கடைசியாக எடுத்த இரத்தச் சோதனைத் தாள், மீதமுள்ள மாத்திரைகள் ஆகிய அனைத்தையும் உடன் எடுத்துச் சென்று, போன வாரத்திலேயே அங்குள்ள கிராமச் சுகாதாரச் செவிலியரிடம் காட்டிப் பதிவு செய்துகொள்ளுங்கள்.