தளவானூரைத் தேடும் கணினி

செஞ்சி வட்டாரத்துத் தளவானூரில், 7ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைவித்த சத்துருமல்லேசுவரம் என்ற குடைவரைக் கோயில் இருக்கிறது. பல்லவர் குடைவரைகள் பற்றிய கட்டுரைகளையெல்லாம் ஒரே கோப்பில் திரட்டி வைத்திருக்கும் ஒருவர், இந்த ஊர்ப்பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று பார்க்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பைத்தான் நிரல்மொழியில் அதற்கென்றே ‘கவுண்ட்’ என்ற ஸ்ட்ரிங் (எழுத்துச் சரம்) மெத்தட் உண்டு. அதனிடம் ‘தளவானூர்’ என்று கொடுத்தால் ‘தளவானூர்க் குடைவரை’ கணக்கில் வரும். ‘தளவானூரில்’, ‘தளவானூருக்கு’ இரண்டும் வராது.

காரணம் புள்ளி. ‘ர்’ நமக்கு ஓரெழுத்து. யூனிகோடில் அது ‘ர’ ஒன்று, புள்ளி ஒன்று என இரண்டு குறியீடு. ‘ரி’யில் புள்ளி இருந்த இடத்தில் இகரக் குறி உட்கார்ந்துகொள்கிறது. தளவானூர் நாம் எண்ணினால் 5 எழுத்து, பைத்தான் எண்ணினால் 8.

இந்த இடத்தில்தான் பலர், சொல்லின் வடிவத்தைக் குறிகளால் எழுதித் தேடும் ‘ரீஜெக்ஸ்’ எனப்படும் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்குத் தாவுகிறார்கள். தேவையே இல்லை. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு ‘தளவானூர’ என்று தேடினால் போதும், வேற்றுமை உருபு ஏறிய வடிவங்களும் சிக்கிவிடும்.

ரீஜெக்ஸுக்கு உண்மையான வேலை வருவது, தேடும் சொல்லே நிலையாக இல்லாதபோது. தட்டச்சில் ‘ள’ ‘ல’ ஆகலாம், துணைக்கால் விடுபடலாம். இரண்டையும் கூட்டினால் நான்கு எழுத்துக்கோவை. மெத்தட் என்றால் நான்கு முறை தேட வேண்டும், ரீஜெக்ஸுக்கு ‘த[ளல]வா?னூர’ என்ற ஒரு வரி போதும். சதுர அடைப்புக்குள் இருப்பதில் ஏதாவது ஒன்று வரலாம். கேள்விக்குறிக்கு முன்னால் இருப்பது இல்லாமலும் போகலாம். அந்தக் கேள்விக்குறி ‘வா’ முழுவதையும் பிடிப்பதில்லை, துணைக்காலை மட்டுமே பிடிக்கிறது.

இந்தக் குறியீட்டுக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்கக் கணிதவியலர் ஸ்டீபன் கிளீனி. நரம்பு வலைகளை ஆராய்ந்தபோது 1950களில் அவர் வகுத்ததை, 1968இல் கணினியியலர் கென் தாம்சன் உரைத் தேடலுக்குக் கொண்டுவந்தார். யூனிக்ஸ் இயங்குதளத்தின் ‘கிரெப்’ என்ற தேடல் கருவி அந்த வழியில் வந்ததுதான்.

தமிழில் இதற்கு ஒரு கண்ணியும் உண்டு. சொல்லில் வரும் எழுத்துகளைக் குறிக்க ரீஜெக்ஸில் பின்சாய்கோடும் டபிள்யூவும் சேர்ந்த குறி இருக்கிறது. பைத்தானோடு வரும் ‘ரீ’ தொகுதி, துணைக்கால் போன்ற உயிர்க்குறிகளையும் புள்ளியையும் அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தளவானூர் ‘தளவ’, ‘ன’, ‘ர’ என்று மூன்று துண்டாக உடைந்து வரும். தனியே நிறுவிக்கொள்ளும் ‘ரீஜெக்ஸ்’ என்ற தொகுதியில் இந்தக் குறை இல்லை.

வேகமும் கவனிக்க வேண்டியது. 2016 ஜூலை 20 அன்று, நிரலாளர்கள் அன்றாடம் நாடும் ஸ்டாக் ஓவர்ஃப்ளோ 34 நிமிடம் முடங்கியது. வரியின் இரு முனைகளிலும் உள்ள வெற்றிடத்தை நீக்க ஒரு சிறிய ரீஜெக்ஸ் வைத்திருந்தார்கள். ஒரு பதிவில் சுமார் 20,000 வெற்றிடங்கள் தொடர்ந்து வந்தன. ஆனால் அவற்றோடு வரி முடியவில்லை. முதல் வெற்றிடத்தில் தொடங்கி 20,000 வரை போய்த் தோற்றது, இரண்டாவதிலிருந்து 19,999, அடுத்து 19,998 என்று ரீஜெக்ஸ் விடாமல் முயன்றது. மொத்தம் ஏறக்குறைய 20 கோடி சோதனை. அந்த வரியை எடுத்துவிட்டு, சரத்தை வெட்டும் சாதாரண மெத்தடைப் போட்டுச் சரிசெய்தார்கள்.

ஆக, தேடுவது இன்னதுதான் என்று தெரிந்தால் மெத்தட். வடிவம் மட்டும் தெரிந்தால் ரீஜெக்ஸ். இரண்டுக்கும் எட்டாத ஒன்றும் உண்டு. தென்பெண்ணையாற்றங்கரையிலும் ஒரு தளவானூர் இருக்கிறது, தடுப்பணை கட்டப்பட்ட ஊர், அதே எழுத்து, அதே விழுப்புரம் மாவட்டம். கணினி இரண்டையும் சேர்த்தே எண்ணிக் கொடுக்கும். குடைவரை எந்தத் தளவானூரில், தடுப்பணை எந்தத் தளவானூரில் என்று பிரிக்க, கிடைத்த வரிகளை ஒருவர் உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும்.