உணவின் மறுபக்கத்தை வரைந்தவர்கள்

1943ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் வங்காளத்தின் மிட்னாபூர் மாவட்டத்து ஊர்கள் வழியே ஓர் இளைஞர் நடந்து சென்றார். சித்தபிரசாத் பட்டாச்சார்யா என்னும் அவருக்கு அப்போது அகவை 28. ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயிலாமல் தாமே வரையக் கற்றவர். ஆளற்ற குடிசைகளையும், விலா எலும்புகள் புடைத்த உடல்களையும், மருத்துவமனைகளில் கிடந்தோரையும் அவர் கறுப்பு மையால் தாளில் பதிந்தார். தாம் கண்ட மனிதர்களின் பெயரையும் ஊரையும் உடன் குறித்துவைத்தார். பஞ்சத்தில் மாண்டோர் அறிக்கைகளில் எண்களாகவே இடம்பெறுவர். சித்தபிரசாத்தின் தாளில் அவர்கள் பெயரும் ஊரும் உடையவர்களாக இருந்தனர்.

அப்பஞ்சத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் பேர் மாண்டதாகக் கணக்கிடப்படுகிறது. அதற்கான காரணத்தை வானத்தில் மட்டும் தேடுவது தவறாகும். 1942இல் பர்மா ஜப்பானியர் வசமானபின் அங்கிருந்து வந்த அரிசி நின்றுபோனது. எதிரிக்குப் பயன்படக்கூடாது என்று கருதிய ஆங்கில அரசு, வங்கக் கடலோர மாவட்டங்களில் நெல்லை அகற்றியது, படகுகளைக் கைப்பற்றியது. படகிழந்த மீனவர் பிழைப்பிழந்தனர். அவ்வாண்டு அக்டோபரில் மிட்னாபூரைப் புயலும் தாக்கியது. போர்க்காலச் செலவுகளால் விலைவாசி ஏற, பதுக்கல் பெருக, அரிசி விலை பன்மடங்கு உயர்ந்தது.

அப்பஞ்சத்தைச் சிறுவனாக நேரில் கண்டவர் அமர்த்தியா சென். பொருளியல் அறிஞரான பின் 1981இல் வெளியிட்ட ‘வறுமையும் பஞ்சங்களும்’ என்னும் நூலில் அவர் ஒரு கணக்கை முன்வைத்தார். பஞ்சம் நேராத 1941ஆம் ஆண்டைக் காட்டிலும் 1943இல் வங்காளத்தில் கிடைத்த உணவு தானியம் குறைவன்று என்பதே அது. அரிசி இருந்தது, அதை வாங்கும் வலிமை உழவுக் கூலிகளுக்கும் மீனவர்க்கும் ஊர்க் கைவினைஞர்க்கும் இல்லாமற்போனது. கல்கத்தாவின் தொழிலாளர்க்கு மலிவு விலையில் அரிசி வழங்கப்பட்ட அதே காலத்தில், அந்நகரின் நடைபாதைகளில் நாட்டுப்புறத்து மக்கள் கஞ்சிக்குக் கையேந்தி மடிந்தனர். உணவு நீதி என்று இன்று பேசப்படுவதன் அடிப்படை இங்கேதான் உள்ளது. எவ்வளவு விளைந்தது என்னும் வினாவோடு, யாருக்குக் கிடைத்தது என்னும் வினாவையும் அது சேர்த்துக் கேட்கிறது.

அரசோ அதைப் பஞ்சம் என்று முறைப்படி அறிவிக்கவே இல்லை. அறிவித்திருந்தால், பஞ்சக் காலத்துக்கென வகுக்கப்பட்டிருந்த விதிகளின்படி நிவாரணப் பணிகளைத் தொடங்கும் கடமை அதற்கு ஏற்பட்டிருக்கும். சொல் மறுக்கப்பட்ட இடத்தில் படம் பேசியது. 1943 ஆகஸ்டில் ‘ஸ்டேட்ஸ்மன்’ நாளிதழ் கல்கத்தாத் தெருக்களின் ஒளிப்படங்களை வெளியிட்டது. ஓவியர்களும் தெருவில் இறங்கினர்.

அவர்களுள் ஒருவர் ஜைனுல் ஆபிதீன். கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். பின்னாளில் டாக்காவில் ஓவியக் கல்விக்கு அடித்தளமிட்டவர். கரியை எரித்துத் தாமே மை செய்துகொண்டார். பொருள்களைப் பொதியும் மலிவுத் தாளே அவருக்கு வரைதாளாயிற்று. பொருளின் எளிமை, படத்தின் தன்மையையே மாற்றிவிட்டது. ஈரம் குறைந்த தூரிகை சொரசொரப்பான தாளில் இழுபடும்போது கோடு முழுமை பெறாமல் திட்டுத்திட்டாக நிற்கும். வற்றிய தோலையும் சடைபிடித்த தலைமயிரையும் காட்ட அதைவிடப் பொருத்தமான கோடு கிடைப்பது அரிது. வீடுகளோ கடைகளோ அவர் படங்களில் பெரும்பாலும் இல்லை. வெற்றுத்தாளின் நடுவில் ஒரு தாய், ஒரு குழந்தை, கவிழ்ந்த பாத்திரம், அருகே காத்திருக்கும் காகம். எதை விடுவது என்று ஓவியர் தேர்ந்ததால், பார்ப்பவரின் கண் அகன்று செல்ல வேறிடம் இல்லாமற்போகிறது.

சித்தபிரசாத் தம் பயணக் குறிப்புகளையும் ஓவியங்களையும் ‘பசித்த வங்காளம்’ என்னும் சிறு நூலாக வெளியிட்டார். அதன் படிகள் 5,000 அளவில் கைப்பற்றப்பட்டு அழிக்கப்பட்டன. மைக்கோடுகளுக்கு ஒரு பேரரசு அவ்வளவு அஞ்சியது வியப்புக்குரியது. தப்பிய ஒரு படியைக் கொண்டு 2011இல் அந்நூல் மீண்டும் அச்சேறியது.

பசித்தோரைப் போலவே பார்வையிலிருந்து மறைக்கப்படும் வேறோர் உயிரும் உண்டு. அது உணவாகவே மாற்றப்படும் விலங்கு. அதற்காகவும் ஓவியர் சிலர் தூரிகை ஏந்தினர். இலண்டனில் வில்லியம் ஹோகார்த் 1751இல் ‘கொடுமையின் நான்கு நிலைகள்’ என்னும் அச்சுப்படங்களை வெளியிட்டார். அவற்றுள் ஒன்று, சந்தைக்கு ஓட்டிவரப்படும் ஆட்டுக்குட்டி அடிபட்டுச் சாவதையும், பாரம் தாங்காது வீழ்ந்த குதிரையையும் ஒரே தெருவில் காட்டுகிறது. எளிய மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதற்காகவே அவற்றை மலிவு விலையில் விற்க அவர் விரும்பினார். கால்நடைகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1822இல்தான் இங்கிலாந்தில் பிறந்தது. 71 ஆண்டு இடைவெளிக்குப்பின் வந்த அச்சட்டத்தைப் படங்களின் நேர்விளைவாகக் கூறுதல் மிகையாகும்.

ஹோகார்த்தின் காலத்தில் விலங்கின் துன்பம் தெருவில் தெரிந்தது. இருபதாம் நூற்றாண்டில் அது தொழிற்கூடச் சுவர்களுக்குள் சென்றுவிட்டது. அச்சுவர்களுக்குள் நுழைந்தவர் சூ கோ. 1951இல் இங்கிலாந்தில் பிறந்து, இறைச்சிக்கூடம் ஒன்றின் அருகே வளர்ந்து, நியூயார்க்கில் குடியேறிய ஓவியர். அமெரிக்க இறைச்சிக்கூடங்கள் பலவற்றுக்குள் ஆண்டுக்கணக்கில் சென்று அவர் வரைந்தார். ஒளிப்படக் கருவியை உள்ளே அனுமதிக்க மறுத்த உரிமையாளர்கள், வரைபுத்தகத்தைத் தீங்கற்ற பொழுதுபோக்கு என்று எண்ணி விட்டுவிட்டனர். ஒளிப்படக்காரர் நொடியில் பதிந்து நகரலாம். வரைபவரோ நின்று, ஒரு விலங்கின் கண்ணைப் பலமுறை பார்த்த பின்பே ஒரு கோடு இடமுடியும்.

அவ்வோவியங்கள் 1996இல் ‘இறந்த இறைச்சி’ என்னும் நூலாயின. பெரும்பாலும் கறுப்பும் சாம்பலும். சிற்சில இடங்களில் சிவப்பு. இறைச்சி உண்போர் பலருக்கு அந்நூலைப் புரட்டுவது கடினமாக இருக்கும். அவர்கள் அதற்கு மறுமொழி கூறவும் உரிமையுடையவர்கள். ஆயினும் விலங்குகளை மட்டும் பார்த்துவிட்டு நூலை மூடுவோர் அதன் பாதியையே பார்த்தவராவர். தலைகீழாகத் தொங்கிவரும் உடல்களின் வரிசைக்கு அருகில், கத்தி ஏந்திய தொழிலாளர்களையும் சூ கோ வரைந்தார். அமெரிக்க இறைச்சித் தொழிலில் உழைப்போருள் பலர் பிற நாடுகளிலிருந்து பிழைப்புத் தேடி வந்தவர்கள். வரிசை நகரும் விரைவுக்கு ஈடுகொடுக்கும்போது அவர்கள் அடிக்கடி காயமுறுகின்றனர். ஈரத் தரையில் நின்றபடி, அடுத்து வரும் உடலுக்காக அவர்களும் அப்படங்களில் காத்திருக்கிறார்கள்.