குழியில் முடிந்த பயணம், காடாக நின்ற விதை

ஹவாய் தீவில் மௌனா கியா என்ற பெரிய மலை உள்ளது. 1834ம் ஆண்டு ஜூலை 12ம் தேதி அம்மலைச் சரிவில் நடந்துசென்ற தீவுவாசிகள் இருவர், காட்டு மாடு பிடிக்க வெட்டியிருந்த குழி ஒன்றை எட்டிப் பார்த்தனர். உள்ளே ஒரு காளை நின்றது. அதன் காலடி மண்ணில் மனிதக் கால் ஒன்று தெரிந்தது.

இறந்து கிடந்தவர் டேவிட் டக்ளஸ். 35 வயது நிறைந்து 17 நாட்களே ஆகியிருந்தன. இன்று உலகின் பல நாடுகளில் வீட்டு உத்தரமாகவும் பலகையாகவும் பயன்படும் மரங்கள் சிலவற்றின் விதையை முதன்முதலில் ஐரோப்பாவுக்கு அனுப்பியவர் இவரே.

ஸ்காட்லாந்தில் ஸ்கூன் என்ற ஊரில் 1799ம் ஆண்டு ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்தார். பதினோராவது வயதிலேயே அவ்வூர் அரண்மனைத் தோட்டத்தில் வேலை பழகச் சேர்ந்தார். பின்னர் வேலை பார்த்த மற்றொரு தோட்டத்தின் உரிமையாளர், தம் நூலகத்தைப் பயன்படுத்த அவருக்கு அனுமதி கொடுத்தார். பகலில் மண்வெட்டி, இரவில் புத்தகம் என்று கற்றுக்கொண்ட இளைஞரை, கிளாஸ்கோ தாவரத் தோட்டத்தில் பேராசிரியர் ஹூக்கர் கண்டுகொண்டார். அவர் செய்த பரிந்துரையால் லண்டன் தோட்டக்கலைச் சங்கத்தில் வேலை கிடைத்தது.

சங்கம் 1823ல் அவரை அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக்குப் பழமர ரகங்களைச் சேகரிக்க அனுப்பியது. அந்த வேலையை அவர் நன்றாக முடித்து வரவே, அடுத்த ஆண்டு மேற்குக் கரைக்கு அனுப்பினார்கள். கப்பலில் போய்ச் சேரவே எட்டு மாதங்களுக்கு மேல் ஆயிற்று. 1825ம் ஆண்டு ஏப்ரலில் கொலம்பியா ஆற்று முகத்தில் இறங்கினார்.

அங்கே அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. மழையில் நனைந்த செடிகளை நெருப்பருகே வைத்து உலர்த்தினார். பட்டினியாகப் பல நாள் நடந்தார். பழங்குடி ஒருவரின் புகையிலைப் பையில் பெரிய பைன் விதைகளைக் கண்டு, அந்த மரத்தைத் தேடிப் புறப்பட்டார். 1826ம் ஆண்டு அக்டோபரில் அதைக் கண்டுபிடித்தார். காய்கள் எட்டாத உயரத்தில் தொங்கவே, துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தினார். சத்தம் கேட்டு வில்லும் ஈட்டியுமாக எட்டுப் பேர் வந்து சூழ்ந்தனர். காய் கொண்டுவந்தால் புகையிலை தருவதாகச் சொல்லி அவர்களைத் தேட அனுப்பிவிட்டு, கையில் இருந்த மூன்று காய்களோடு தப்பினார்.

சேகரித்ததில் ஒரு பங்கைக் கப்பலில் அனுப்பினார். இன்னொரு பங்கைத் தகரப் பெட்டியில் வைத்து 1827ல் கண்டத்தையே குறுக்காகக் கடந்து தாமே கொண்டு போனார். அடுத்த பயணத்தில் விதி வேறுவிதமாக இருந்தது. 1833ல் பிரேசர் ஆற்றில் ஓடம் கவிழ்ந்தது. ஏறத்தாழ 400 தாவர மாதிரிகளும் நாட்குறிப்பும் வெள்ளத்தோடு போயின. அவர் உயிர் தப்பினார். பனியின் கூச்சத்தால் கண்பார்வையும் குன்றியிருந்தது. அந்த நிலையில்தான் ஹவாய் வந்தார்.

அத்தீவுகளுக்கு மாடுகளை 1793ல் கொண்டுவந்தவர் வான்கூவர் என்ற கப்பல் தலைவர். அவற்றைக் கொல்லக்கூடாது என்று அரசர் தடை விதித்ததால், பெருகிக் காட்டு மாடுகளாயின. அவற்றைப் பிடிக்கப் பாதையோரம் குழி வெட்டி, மேலே குச்சியும் புல்லும் பரப்பி வைப்பார்கள். அன்று காலை டக்ளஸ் சாப்பிட்ட குடிசையின் மாட்டு வேட்டைக்காரர் குழிகளைப் பற்றி எச்சரித்துத்தான் அனுப்பினார். ஆனாலும் அவர் திரும்பவில்லை. அவருடைய நாய் பில்லி, பாதையில் அவர் வைத்த மூட்டையருகே காத்திருந்தது.

இது கொலையோ என்று சிலர் ஐயப்பட்டனர். உடலைச் சோதித்த மருத்துவர்கள் காயங்கள் காளையால் ஏற்பட்டவை என்றனர். ஹோனலுலுவில் அடக்கம் செய்தார்கள்.

அவரோடு இருந்தவை ஆற்றோடும் குழியோடும் போயின. முன்பே அனுப்பி வைத்தவை முளைத்தன. இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்கள் அவரால் பிரிட்டனுக்கு வந்தன. அவர் அனுப்பிய சிட்கா ஸ்புரூஸ் இன்று பிரிட்டன் காடுகளில் மிகுதியாக நடப்படும் மரம். அவர் பிரிட்டனுக்கு அறிமுகப்படுத்திய ரேடியேட்டா பைன், நியூசிலாந்தின் மரத் தோட்டங்களில் பெரும்பகுதியை நிரப்பியுள்ளது. டக்ளஸ் ஃபர் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இந்தக் காடுகளில் எதையும் அவர் பார்க்கவில்லை.

நல்ல ரகம் கிடைத்தால் முழுவதையும் தம் குதிரிலேயே பூட்டி வைக்கும் பழக்கம் விவசாயிகளிடம் உண்டு. ஒரு வெள்ளமோ, ஒரு பூச்சியோ, எதிர்பாராத ஒரு சாவோ வந்தால் அந்த ரகம் அத்தோடு போய்விடும். இரண்டு வீட்டாருக்கு ஒவ்வொரு படி கொடுத்து வைத்தால் அது பிழைக்கும். பெயரையும் எழுதிக் கொடுப்பது நல்லது.

ஸ்கூன் அரண்மனைத் தோட்டத்தில், பதினோரு வயதுப் பையனாக அவர் களையெடுத்த மண்ணில், அவர் அனுப்பிய விதையிலிருந்து வந்த டக்ளஸ் ஃபர் மரம் ஓங்கி நிற்கிறது.